எழுத்துப் பக்கம் கீழே

அத்தியாயம் 17

காலை ஐந்து இருபத்தைந்துக்குப் பல்லுக்காரி தன் போனைச் சமையலறை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். ஸ்பூன்களுக்கு நடுவில் அது தினமும் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடக்கும். அடுத்தது ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கடுத்து கொடியிலிருந்து நீலத் துணி கிளிப் ஒன்று. அதைப் பின்னறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாளானால், ஏழரை மணி வரை அவள் இந்த வீட்டு மனுஷி இல்லை.

போன வாரம் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இவள் இருபத்திரண்டு வருடமாக ஒரு லேபில் பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் இவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமையடித்து, பல்லுக்காரி என்று பெயர் வைத்தவர் கட்டிய புருஷன். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், லிஃப்ட்காரர். இரண்டு பேருக்கும் ஒரே பெண். இருபத்துநாலு வயதாகி அம்மாவைவிட அரையடி உயரமாக வளர்ந்துவிட்டாலும் வீட்டில் இன்னும் பொடிசுதான்.

பல்லுக்காரிக்கு ஐம்பது வயதில் ஓர் ஆசை வந்தது. பக்கத்தைத் திறந்தால் வீடும் மரமும் மனிதர்களும் மடிப்பிலிருந்து எழுந்து நிற்குமே, அப்படி ஒரு புத்தகம் செய்ய வேண்டும். ஒரு வீட்டில் ஒரு நாள். காலையில் ஆரம்பித்து எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவது வரை பன்னிரண்டு பக்கம். சாயங்காலம் லேபிலிருந்து வந்து செய்து பார்த்தாள், கண் சொருகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்தாள், வீடு விடவில்லை. கடைசியில் விடியற்காலையைப் பிடித்தாள். ஒவ்வொரு விதியாகச் சேர்த்தாள். போன் இழுப்பறையில். அறையில் கடிகாரம் கிடையாது. பார்த்தால் கை பதறுகிறது. ஜன்னலுக்கு வெள்ளைத் தாள், ஒரே சீரான விளக்கு வெளிச்சம். கதவில் கிளிப். ஏழரைக்கு லிஃப்ட்காரர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார், அப்போது எழுந்தால் போதும். கிளிப் யோசனையே பொடிசுடையது. முதல் கிளிப்பை அவள்தான் மாட்டினாள். "இது தொங்கினா நாங்க உனக்குச் சொந்தமே இல்லம்மா" என்று சிரித்தாள்.

ஏழு மாதம் தேர் மாதிரி ஓடியது. போன வாரம்தான் லிஃப்ட்காரர், கிளிப் தொங்குவது தெரிந்தும், ஆறு மணிக்குப் படபடவென்று கதவைத் தட்டி, "பொடிசோட சர்டிபிகேட் கவர் எங்க வெச்சிருக்க?" என்றார். பிளேடு வழுக்கியது. கடைசிப் பக்கம் குறுக்கே இரண்டாகிப் போனது. கதவைத் திறந்த பல்லுக்காரி அன்றைக்குப் பேசிய பேச்சை நான் மறுபடி எழுத மாட்டேன், ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. "உயிரே போனாலும் இனிமே நீங்க என்னைத் தட்டிக் கூப்பிடாதீங்க!"

அன்றிலிருந்து ஆறு நாள் அவள் வேண்டுமென்றே அறைப் பக்கமே போகவில்லை. இன்றைக்குத்தான் மறுபடியும் போகிறாள்.

அதுவும் எந்த நாளில் பாருங்கள். பொடிசுக்குத் தூர ஊரில் வேலை கிடைத்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பதினான்கு மணி நேரப் பயணம். எட்டரைக்கு பஸ். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிப் புத்தகம் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும் என்று பல்லுக்காரி லேபில் இன்றையிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். இன்றைக்கு ஏழரை வரை மேஜை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் முழுக்கப் பெண்ணோடு. தலை வாரிவிடலாம், பஸ் ஸ்டாண்டு வரை கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது.

*

சிக்கல் கடைசிப் பக்கத்தில். பக்கத்தைத் திறந்தால் மேஜை எழுந்தது. அப்பா எழுந்தார். அம்மா எழுந்தாள். நடுவில் உட்கார வேண்டிய குழந்தை மட்டும் பாதி எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்று வாரமாக இதே கதை.

மாதிரி செய்வதற்கு லேபில் கழித்துப் போடும் பழைய ஆர்டர் அட்டைகளைத்தான் அவள் எடுப்பாள். நோட்டுப் புத்தக அளவு, நல்ல கனம், ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் நீல மையில் கிறுக்கல்: மேல் தாடை, இடது பக்கம், நான்கு பல், அவசரம். எதுவும் எழுதாத வெற்று அட்டையும் ஒன்றிரண்டு கலந்திருக்கும். ஆரம்பத்தில் அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள். அடடா, இந்த வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல் மூன்று தடவை திரும்பி வந்ததே என்று நினைப்பு ஓடும், ஒரு மணி நேரம் போயே போய்விடும். அதனால் அவளாக ஒரு விதி போட்டுக்கொண்டாள். எழுத்துப் பக்கம் கீழே. என்ன எழுதியிருந்தாலும் படிக்கக் கூடாது. மற்ற விதிகள் வீட்டுக்கே தெரியும். இது மட்டும் கதவுக்கு உள்ளே பிறந்தது, வேறு யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அடுக்கின் மேலிருந்த அட்டையில் எழுத்து மேல் பக்கமாக இருந்தது. லேபில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஏற்கெனவே மூக்கில் ஏறியிருந்தது. அதில் பிளேடு முனையைத் தவிர எல்லாமே நீலப் புகைதான். அவள் யோசிக்கவேயில்லை. கை தானாக அட்டையைத் திருப்பிப் போட்டது.

மேஜை, அப்பா, அம்மா, குழந்தை என்று பக்கம் முழுவதையும் அந்த ஒரே அட்டையில் புதிதாக வரைந்தாள். வெட்டினாள். மடிப்பைக் கண்ணளவாகவே கொஞ்சம் உள்ளே தள்ளினாள். அளவைக் குறித்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. கை அவ்வளவு தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஓர் ஓட்டம் வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். வந்தால் விடக் கூடாது.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கப் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. ஒரு தடவை கதவுக்கு வெளியே யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது, உடனே போயும்விட்டார்கள். கொஞ்சம் கழித்துப் பெட்டிச் சக்கரம் உருண்டது. பொடிசு இப்போதுதான் பெட்டி கட்டுகிறாள் போல, சோம்பேறிக் கழுதை என்று செல்லமாகத் திட்டிக்கொண்டாள். சுவரில் தட்டு விழவில்லை. அப்படியென்றால் ஏழரை ஆகவில்லை. ஏழு மாதமாக அதுதானே அவளுக்குக் கடிகாரம்.

கடைசிப் பசையை ஊதிக் காய வைத்துப் பக்கத்தை மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

மேஜை எழுந்தது. அப்பா, அம்மா. நடுவில் குழந்தை ஜம்மென்று நிமிர்ந்து உட்கார்ந்தது!

மூடித் திறந்தாள். பத்துத் தடவை. பத்துத் தடவையும் எழுந்தது.

"ஏய் பொடிசு! எழுந்துடுச்சுடீ!" என்று கத்திக்கொண்டே தாழை நீக்கிக் கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் வெயில் பாதித் தரைக்கு வந்திருந்தது. பொடிசு நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. பெட்டி இல்லை. வாசலில் செருப்பு இல்லை. சமையலறைக் கடிகாரத்தில் ஒன்பது இருபது.

தப்பான கடிகாரம் என்று நினைத்தாள். இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். அதிலும் ஒன்பது இருபது. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ஒரு மெசேஜ் இல்லை. விதியை யாரும் மீறவில்லை.

மேஜையில் இரண்டு கப் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்று சாஸரால் மூடியிருந்தது. நாற்காலி ஒன்று பின்னறைக் கதவைப் பார்க்கும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தது. லிஃப்ட்காரருக்கு எதையும் போட்டது போட்டபடி விடுவதே வழக்கம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

*

லிஃப்ட்காரர் பத்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மனைவி எதிரில் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் மெதுவாக.

"போயிட்டாளா?"

"எட்டரைக்கு பஸ்ஸுன்னா எட்டரைக்குத்தானே போகும்."

"நீங்க ஏன் தட்டல?"

"நீதானே உயிரே போனாலும் தட்டாதேன்ன?"

"ஐயோ, அது நடுவுல தட்டுறதுக்குச் சொன்னது! ஏழரைத் தட்டு வேற இல்லையா? அதுக்காகத்தானே நான் உக்காந்திருக்கேன்?"

"அதை நீ தனியா சொல்லலையே!" அவருக்கும் குரல் ஏறியது. "'தொடாதே'ன்னு பலகை மாட்டின லிஃப்ட்ல நான் கை வெக்க மாட்டேன்மா. இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான். இருந்தும் எட்டு மணிக்கு மனசு கேக்காம கதவுகிட்ட வந்தேன். அவதான் என் கையைப் புடிச்சு இழுத்தா. 'வேண்டாம்பா, அம்மாவுக்குத் தெரியும். வரணும்னா வருவாங்க'ன்னா. நீங்க ரெண்டு பேரும் ஏதோ பேசி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பல்லுக்காரி சுவரோடு சாய்ந்துகொண்டாள். கோபப்படலாம் என்று பார்த்தாள். யார் மேல் படுவது என்று தெரியவில்லை. தன் வாயால் சொன்ன வார்த்தை, எழுத்துப் பிசகாமல் வந்து நிற்கிறது.

"அழுதாளா?"

"இல்ல. வழி பூரா பேசவே இல்ல. பஸ்ல ஜன்னல் சீட்டு. பக்கத்து சீட்டு காலிதான், நல்லா கால நீட்டிட்டுப் போவா." லிஃப்ட்காரர் தண்ணீர் குடித்தார். "பஸ் கெளம்பறப்போ ஒண்ணு சொன்னா. எல்லாம் லெட்டர்ல எழுதியிருக்கேன்னா."

"எந்த லெட்டர்?"

"உனக்கு எழுதினதாமே? நேத்து நீ லேபுக்குப் போயிருந்தப்போ உன் மேஜையிலயே வெச்சாளாம். நீ மொதல்ல கை வெக்கிற எடத்துல."

பல்லுக்காரிக்குக் காலையில் கை தானாகத் திருப்பிப் போட்ட அட்டை நினைவுக்கு வந்தது.

அறைக்குள் போனாள். பூதக்கண்ணாடியைத் தேடாமல் வெறுங்கண்ணோடு பக்கத்தைத் திறந்தாள். மேஜை, அப்பா, அம்மா, குழந்தை. புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகைப் பார்த்தாள். நீல மை. மேல் தாடையும் இல்லை, இடது பக்கமும் இல்லை. பொடிசின் சாய்ந்த கையெழுத்து. தெரிந்தது ஒரே ஒரு சொல்தான், "அம்மா". மிச்சமெல்லாம் பசைக்குள் போயிருந்தது.

பெண் எழுதிய கடிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டி, ஊதிக் காயவும் வைத்திருக்கிறாள்.

அப்போது பார்த்து லிஃப்ட்காரரின் போன் அடித்தது. "பொடிசுதான்" என்று நீட்டினார்.

"அம்மா?" பின்னால் தட்டுகளின் சத்தமும் பஸ் ஹாரனும். "பஸ் நிறுத்தியிருக்கான். இனிமே மலைப்பாதை, டவர் இருக்காதாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "லெட்டர் படிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால், உன் கடிதத்தை நான் சாப்பாட்டு மேஜையாக வெட்டிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவளை முந்திக்கொண்டு வாய் பேசிவிட்டது.

"ம்... படிச்சேன்டா."

போன் கட்டாகிவிட்டதோ என்று பல்லுக்காரி காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"படிச்சுட்டுமா நீ வரல?" என்று கேட்டாள் பொடிசு.

பல்லுக்காரி கையிலிருந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரிம்மா. பரவாயில்ல. புக்குதான் முக்கியம், எனக்குப் புரியுது. நான் வெக்கிறேன்."

"ஏய், இரு! பொடிசு..."

வைத்துவிட்டாள்.

*

"என்னதான் எழுதியிருக்கா?" என்றார் லிஃப்ட்காரர்.

பல்லுக்காரி பக்கத்தைக் காட்டினாள். முன்பக்கம் காட்டினாள், முதுகையும் காட்டினாள். மனுஷர் சங்கிலியும் பல்சக்கரமுமாகப் பிழைக்கிறவர். ஒரு பொருளை இப்படியும் அப்படியும் திருப்பினால் அவருக்குப் புரிந்துவிடும். தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரிச்சா மறுபடி ஒட்ட முடியுமா?"

"அளவு குறிச்சு வெக்கல."

"வெள்ளிக்கெழமைக்குள்ள?"

"மூணு வாரம் ஆச்சு இது எழுந்திருக்க." அவள் குழந்தையை விரல் நுனியால் தொட்டாள். "இன்னிக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுங்க."

"அப்போ பிரிக்காதே. ராத்திரி அவகிட்டயே கேட்டுக்கலாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் படித்தேன் என்று சொன்னவள் எதைப் போய்க் கேட்பது? அவள் மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்தாள். லேபில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பல்லைக்கூட உடைக்காத கை. முதலில் குழந்தையின் காலடியில் கத்தியை நுழைத்தாள். பசை விடும் சத்தம் லேசாகக் கேட்டது. குழந்தை சாய்ந்து மேஜை மேல் விழுந்தது. அதற்கப்புறம் அவள் அழுதுகொண்டேதான் பிரித்தாள். ஒரு துண்டுகூடக் கிழியவில்லை.

கீழே விழுந்திருந்த சீவல்களை லிஃப்ட்காரர் முட்டி போட்டுப் பொறுக்கிக் கொடுத்தார். இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்து வைத்தார்கள். மேஜையின் அடியில் ஆரம்பித்தது கடிதம். அப்பாவின் முதுகிலும் அம்மாவின் முதுகிலும் தொடர்ந்தது.

அம்மா, இதைத்தான் நீ மொதல்ல எடுப்பேன்னு தெரியும். அதனாலதான் இதுல எழுதறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கிளிப்பை எடுத்துட்டு வெளியே வா. அஞ்சரைலேர்ந்து நான் சமையலறையிலதான் உக்காந்திருப்பேன். காபி போட்டு வெக்கிறேன்.

உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கேன். என் பக்கத்து சீட். லீவுதான் இருக்கே, ஒரு வாரம் என்கூட வந்து இரு. உனக்கு மேஜை விளக்கு ஒண்ணு வாங்கிப் பெட்டியில வெச்சுட்டேன். அங்கயும் காலையில கிளிப் மாட்டிக்கோ, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். நேர்ல கேக்கலாம். ஆனா புக்கா நானான்னு நீ ஒரு செகண்ட் யோசிப்பே, அந்த முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. வரலேன்னா கோவிச்சுக்க மாட்டேன். அப்பாவையும் தட்ட விட மாட்டேன்.

கடைசி வரி குழந்தையின் முதுகில் இருந்தது.

அம்மா, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பயமா இருக்கு.

லிஃப்ட்காரர் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பல்லுக்காரி உடனே போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டாள். ஐந்து தடவை அதே குரல், அதே மரியாதை.

மெதுவாகச் சமையலறைக்கு வந்தாள். நாற்காலி இன்னும் பின்னறைக் கதவைப் பார்த்தபடியே இருந்தது. ஐந்தரையிலிருந்து எட்டு வரை. இரண்டரை மணி நேரம். அந்தக் கதவையும் அந்த நீலக் கிளிப்பையும் பார்த்துக்கொண்டு தன் பெண் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரத்தில் அம்மா குழந்தையை எழுந்து உட்கார வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். தன்னைவிட இந்த உலகத்தில் தனியாக உட்கார்ந்த ஜீவன் கிடையாது என்று ஏழு மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். சாஸரை எடுத்தாள். காபியின் மேல் ஆடை கட்டியிருந்தது. சர்க்கரை கம்மியாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. முழுவதையும் குடித்தாள்.

பிறகு போனை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

"படிச்சேன்னு சொன்னது பொய். காலையில படிக்கவே இல்ல. தெரியாம வெட்டிட்டேன்டா. இப்பதான் எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சேன். அந்த சீட் இன்னும் காலியா?"

அனுப்பினாள். பக்கத்தில் ஒற்றை டிக்தான் விழுந்தது, இன்னும் பொடிசைப் போய்ச் சேரவில்லை.

"மலை இறங்க ராத்திரி ஆயிடும்" என்றார் லிஃப்ட்காரர் வாசல்படியில் நின்றபடி. "அதுக்கப்புறம்தான் டவர் வரும்."

"தெரியும்."

அவர் பின்னறைக் கதவிலிருந்து கிளிப்பை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போனார். அவள் போனை இழுப்பறையில் வைக்கவில்லை. மேஜை மேல் நிமிர்த்தி வைத்து, இரண்டாவது டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.